மூன்று வாட் போதும், ட்ரான்ஸ்போமர்தான் முக்கியம்

பக்கத்துக்கு ஒரே ஒரு வால்வு, ஈ.சி.எல். 82. ஒரே கண்ணாடிக்குள் ட்ரையோட் ஒன்றும் பென்டோட் ஒன்றும் இருக்கின்றன. முதலாவது, போனிலிருந்து வரும் நலிந்த ஒலிச்சைகையைத் தூக்கிவிடுகிறது. இரண்டாவது, அதற்கு ஸ்பீக்கரை அசைக்கும் வலுவைக் கொடுக்கிறது. ஒரு காலத்தில் பிலிப்ஸ் ரெக்கோட் பிளேயர்களில் பாடியது இந்த வால்வுதான். ஆரையம்பதி வீட்டு மேசையில் இரண்டு வால்வு போட்டு நான் கட்டிய ஸ்டீரியோ அம்ப்ளிபையர் பக்கத்துக்கு மூன்று வாட் வரை தருகிறது. ஒரு அறைக்கு அது தாராளம்.

1925இல் கொழும்பில் வானொலி தொடங்கியது. ட்ரான்சிஸ்டர் பரவும்வரை நம் பக்கத்து வீடுகளில் பேசியது வால்வுப் பெட்டிதான். பழைய பெட்டிகளிலிருந்து கழற்றிய வால்வுகள் இன்னும் கைமாறுகின்றன. வாங்கும்போது 82 என்ற இலக்கத்தை மட்டும் நம்ப வேண்டாம். முதல் எழுத்து 'ஈ' என்றால் சூடேற்றும் இழைக்கு 6.3 வோல்ட். பி.சி.எல். 82க்கு 16 வோல்ட், யு.சி.எல். 82க்கு 50 வோல்ட். 'யு' வரிசை வால்வு போட்ட பல பெட்டிகளில் மெயின் ட்ரான்ஸ்போமரே கிடையாது, இரும்புத் தட்டிலேயே 230 வோல்ட் நிற்கலாம். அந்தச் சுற்றைப் பார்த்து ஒருபோதும் கட்டாதீர்கள். உங்கள் பெட்டிக்குத் தனி மெயின் ட்ரான்ஸ்போமர் கட்டாயம்.

ரெசிஸ்டர், கப்பாசிட்டர் எல்லாம் கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் வாங்கலாம். காசைக் கொட்ட வேண்டியது அவுட்புட் ட்ரான்ஸ்போமரில். வால்வு எதிர்பார்ப்பது ஏறக்குறைய 5,600 ஓம் சுமை, ஸ்பீக்கரோ 8 ஓம். இடையில் நின்று இரண்டையும் பொருத்துவது இதுதான், 26 சுற்றுக்கு ஒரு சுற்று என்ற கணக்கில். ஒரே வால்வு தனியாக உழைப்பதால் முதற்சுற்றில் நேரோட்டம் ஓயாமல் பாய்கிறது. இரும்புத் தகடுகளுக்கு நடுவே சிறு காற்றிடைவெளி விடாவிட்டால் கருவம் காந்தத்தால் நிரம்பிவிடும், மிருதங்கத்தின் தொப்பி காணாமல் போகும். சாதாரண மெயின் ட்ரான்ஸ்போமரை இந்த இடத்தில் போட்டால் கேட்பது தகரச் சத்தம். பெரிய கருவம், முறையான இடைவெளி, தெரிந்தவர் கையால் சுற்றியது: இந்த மூன்றும் இல்லாமல் விலையுயர்ந்த வால்வு வாங்கிப் பயனில்லை.

பென்டோடின் தட்டு 7 வாட் வெப்பம்தான் தாங்கும். 200 வோல்ட் கொடுத்து, கதோட்டில் 470 ஓம் வைத்தேன். அந்த ரெசிஸ்டரில் மீற்றர் 17 வோல்ட் காட்டினால் மொத்தம் 36 மில்லிஅம்பியர் ஓடுகிறது, அதில் தட்டுக்கு 30 போகிறது என்று கொள்ளலாம். ஆறு வாட்டில் வால்வு நிம்மதியாக இருக்கும். இன்னும் சத்தம் வேண்டும் என்று வோல்டை ஏற்றுவது வால்வின் ஆயுளைத் தின்னும்.

பிளக்கைக் கழற்றிய பின்னும் வடிகட்டும் கப்பாசிட்டரில் 200 வோல்ட் தங்கியிருக்கும், ஆளைக் கொல்லும். அதற்குக் குறுக்கே 100 கிலோஓம், 2 வாட் ரெசிஸ்டர் ஒன்றை நிரந்தரமாகப் பற்றவையுங்கள். ஒரு நிமிடம் பொறுத்து, மீற்றரால் அளந்து பார்த்த பிறகே கை வையுங்கள்.

கேட்டுப் பார்க்க நான் எடுத்தது 1962இல் வந்த 'கொஞ்சும் சலங்கை'யின் 'சிங்கார வேலனே'. எஸ். ஜானகியின் குரலும் காருக்குறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரமும் ஒன்றையொன்று தொடரும் இடங்களில் குரல் குரலாகவும் சீவாளியின் கரகரப்பு கரகரப்பாகவும் தனித்தனியே நின்றன. இரவில் மெல்லிய சத்தத்தில் கேட்கும்போது இந்தப் பெட்டியை விட்டு எழ மனம் வராது. இன்றைய படப்பாட்டின் அடித்தாளம் வந்தால் மூச்சு வாங்குகிறது. அதற்கு இது கட்டப்படவில்லை.

ஸ்பீக்கரின் அட்டையில் டெசிபல் எண்ணைப் பாருங்கள். 86 உள்ளதற்கும் 92 உள்ளதற்கும் வித்தியாசம் நாலு மடங்கு வாட். 90க்குக் குறைந்ததை இந்த அம்ப்ளிபையருடன் சேர்க்க மாட்டேன். காசுக்கு எத்தனை வாட் என்று கணக்குப் பார்ப்பவருக்கு டிஜிட்டல் சிப் போர்ட்தான் சரி. பாட்டு ஓடினாலும் ஓடாவிட்டாலும் இந்த வால்வுப் பெட்டி 35 வாட் அளவில் இழுத்துக்கொண்டே இருக்கும். ஆனால் பழுதானால் மீற்றரும் ஈயக்கோலும் போதும், ஊரிலேயே திருத்தலாம். எனக்கு அது பெரிய விஷயம்.

ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி என்று இருக்கும் ஆரையம்பதி போன்ற ஊரில் உப்புக்காற்று எதையும் விடாது. ட்ரான்ஸ்போமருக்கு வார்னிஷ் பூசியே பொருத்துங்கள். மாரியில் பல நாள் சும்மா கிடந்தால் வால்வின் கால்களையும் சொக்கெட்டையும் துடைத்து, பழைய இழை பல்பு ஒன்றைத் தொடராக இணைத்துக் கரண்ட் கொடுங்கள். பல்பு மின்னி மங்கினால் நேரே போடலாம். பளிச்சென்று எரிந்தபடியே நின்றால் உடனே பிளக்கைக் கழற்றி, முதலில் கப்பாசிட்டர்களைச் சோதியுங்கள்.