சும்மா இருக்கும் கணினி

1999 மே மாதம் பெர்க்லியின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்திலிருந்து வெளிவந்த ஒரு ஸ்க்ரீன்சேவரை நான் ஒரு படைப்பாகவே வைத்துப் பார்க்கிறேன். செட்டி அட் ஹோம். கணினியைத் தொடாமல் விட்டால் திரை கறுக்கும். கீழ்ப்பாதியில் வண்ண வண்ணமாக ஒரு மலைத்தொடர் எழும்பும். மேலே ஒரு பக்கம் கணக்கு எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்ற விவரம், இன்னொரு பக்கம் அந்தத் தரவு வானத்தின் எந்தப் புள்ளியிலிருந்து, எந்தத் தேதியில் வந்தது என்ற விவரம். புவேர்ட்டோ ரீகோவின் அரெசிபோ ரேடியோ தொலைநோக்கி பதிவுசெய்த இரைச்சலில் 107 விநாடித் துண்டு ஒன்று உங்கள் மேஜையில் அலசப்படுகிறது. துண்டின் அளவு சுமார் 340 கிலோபைட். அன்றைய டயல்-அப் இணைப்பிலும் இறங்கிவிடும்.

அந்த மலைத்தொடரைப் பார்த்து யாரும் எதையும் கண்டுபிடிக்க முடியாது. அது அலசலின் நிழல்தான். ஆனாலும் அதுதான் வேலை செய்தது. ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் சேர்ந்தார்கள். நிரலில் என்ன நடக்கிறது என்று தெரிந்தா சேர்ந்தார்கள்? வேற்றுலகத்தின் குரல் முதலில் நம்ம வீட்டு மானிட்டரில் வந்து விழலாம் என்ற கதை போதுமானதாக இருந்தது. ஓர் அறிவியல் திட்டம் தன்னை இவ்வளவு அழகாக விற்றுக்கொண்டதற்கு வேறு உதாரணம் எனக்குத் தோன்றவில்லை.

கதையின் அடியில் ஒரு வாக்கியம் இருந்தது: உங்கள் கணினி சும்மாதானே கிடக்கிறது, அந்த நேரத்தைக் கொடுங்கள். என் விமர்சனம் இந்த ‘சும்மா’வின் மீது. 1999-இல் அது பெருமளவு உண்மை. அன்றைய மேஜைக் கணினி வேலை செய்தாலும் செய்யாவிட்டாலும் மின்சாரத்தில் பெரிய வித்தியாசம் காட்டாது. இன்றைய ப்ராசசர் அப்படியில்லை. வேலையில்லாதபோது வேகத்தைக் குறைத்து, கோர்களை ஒவ்வொன்றாகத் தூங்கவைத்து, சில வாட்டுகளில் காலம் தள்ளுகிறது. ஆக, இன்று சும்மா இருக்கும் கணினி எதையும் வீணாக்கவில்லை, மின்சாரத்தைச் சேமித்துக்கொண்டிருக்கிறது. முழுவேகத்தில் ஓடவிட்டு அது 60 வாட் கூடுதலாக இழுத்தால் ஒரு நாளைக்கு 1.44 யூனிட், இரண்டு மாத பில்லில் 86 யூனிட் சொச்சம். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்குக் கிடைக்கும் 100 யூனிட் இலவசத்தைக் கிட்டத்தட்ட மொத்தமாக விழுங்கிவிடும். கிராஃபிக்ஸ் கார்டையும் சேர்த்துவிட்டால் கேட்கவே வேண்டாம். இது நன்கொடை. நன்கொடை என்று சொல்லிக் கேட்பதில் எந்தத் தவறும் இல்லை. ‘மிச்சம் மீதி’ என்று சொல்லிக் கேட்பதுதான் இடிக்கிறது.

அடுத்தது புள்ளிகள். செட்டியின் அனுபவத்திலிருந்து பெர்க்லியில் டேவிட் ஆண்டர்சன் குழு 2002 வாக்கில் உருவாக்கத் தொடங்கிய பொதுத்தளம் பாயிங்க். யார் எவ்வளவு கணக்கு போட்டார்கள் என்பதற்கு அதில் கிரெடிட் உண்டு. அலகின் பெயர் காபுள்ஸ்டோன், திட்டத்தில் வேலை பார்த்த ஜெஃப் காப் பெயரால் வந்தது. கோயில் ட்யூப்லைட்டில் வெளிச்சத்தை மறைக்கும் அளவுக்கு ‘உபயம்’ எழுதுகிற பழக்கம் நமக்குத் தெரியும். இங்கேயும் அதுதான் நடந்தது. அணிகள், தரவரிசைகள் எல்லாம் வந்தன. கூடவே திருட்டும் வந்தது. பாயிங்க்குக்கு முந்தைய செட்டியில் சிலர் நிரலை மாற்றி, செய்யாத கணக்கைச் செய்ததாகத் திருப்பி அனுப்பினார்கள். பட்டியலில் மேலே ஏறுவதைத் தவிர இதில் ஒரு பைசா லாபம் கிடையாது!

இதற்குக் கண்ட தீர்வு எளிமையானது: ஒரே துண்டை ஒருவரையொருவர் அறியாத இரண்டு கணினிகளுக்கு அனுப்பு, விடைகள் ஒத்துப்போனால் மட்டும் ஏற்றுக்கொள். கொடுப்பவரை நம்பாமலேயே கொடையை வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு. வாங்கும் உழைப்பில் சரிபாதி சரிபார்ப்பதற்கே போய்விடும். ஆனாலும் அந்நியர்களின் தயவில் நடக்கும் ஒன்றுக்கு இதைவிட நேர்மையான வடிவமைப்பு எனக்குத் தெரியவில்லை.

இதையெல்லாம் தெரிந்துகொண்டே தொடங்க நினைப்பவருக்கு வேலை பத்து நிமிடம்தான். பாயிங்க்கை நிறுவி ஒரு திட்டத்தைத் தேர்ந்தெடுத்தால் போதும். புரதம் என்றால் ரொசெட்டா, பருவநிலை என்றால் ஆக்ஸ்ஃபோர்டின் திட்டம், பல்சர் என்றால் ஐன்ஸ்டைன். ஃபோல்டிங் அட் ஹோம் மட்டும் தனி மென்பொருள். அமைப்புகளில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சூட்டைக் குறைக்க ‘சிபியு நேரம்’ சதவீதத்தைக் குறைக்காதீர்கள். அது ஓடி நின்று ஓடி நின்று கணக்கு போடும், விசிறி ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். எத்தனை கோர் என்பதைப் பாதியாக்குங்கள், சீராக ஓடும். பேட்டரியில் ஓடக்கூடாது என்ற தேர்வை அணைக்காதீர்கள். வேலைகளை நாள்கணக்கில் சேர்த்துவைக்கவும் வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் கெடு உண்டு, தவறினால் வேறொருவருக்குப் போய்விடும். மடிக்கணினி என்றால், என் கருத்தில், விட்டுவிடலாம்.

எதைத் தேர்ந்தெடுப்பது என்பதில்தான் விமர்சனப் பார்வை தேவைப்படுகிறது. செட்டி 2020 மார்ச் 31-ஆம் தேதியோடு புதிய வேலை அனுப்புவதை நிறுத்தியது. அதே ஆண்டு டிசம்பரில் அரெசிபோவே இடிந்து விழுந்தது. இருபது ஆண்டுகளில் வீட்டுக் கணினிகள் குவித்தது சுமார் 1,200 கோடி சமிக்ஞைகள். பெரும்பாலும் நம் செயற்கைக்கோள், ரேடார் வகையறா இரைச்சல். உண்மையான கேள்வி இதற்குப் பிறகுதான் வருகிறது: வானத்தின் ஒரே புள்ளியிலிருந்து வெவ்வேறு ஆண்டுகளில் அதே அலைவரிசையில் ஏதாவது திரும்ப வந்ததா? இதற்குத் துண்டுகளை ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டும். அதைத் துண்டு துண்டாகப் பிரித்து வீடுகளுக்கு அனுப்ப முடியாது. கடைசியில் ஜெர்மனியின் ஹானோவரில் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தின் கணினித்தொகுதிதான் கைகொடுத்தது. ஸ்க்ரீன்சேவர் சொன்ன கதையில் இந்த இரண்டாம் பாதி இல்லை. கணக்கு போட ஐம்பது லட்சம் பேர் கிடைத்தார்கள், கணக்கை வாசிக்க ஒரு கைப்பிடி ஆட்களும் நிரந்தரப் பணத் தட்டுப்பாடும்தான். வாசிப்பு அத்தனை வருடம் தள்ளிப்போனதை நான் சின்னக் குறையாக நினைக்கவில்லை.

ரொசெட்டாவின் கதை வேறு மாதிரி. அதன் திரையில் புரதம் மடிந்து மடிந்து தடுமாறுவதைப் பார்த்தவர்கள் சும்மா இருக்கவில்லை. ‘இதை இப்படித் திருப்பினால் சரியாகிவிடுமே’ என்றார்கள். அதிலிருந்து பிறந்ததுதான் 2008-இல் வந்த ஃபோல்டிட் விளையாட்டு. பார்வையாளரை உள்ளே விட்ட ஸ்க்ரீன்சேவர் என்ற வகையில் எனக்கு இது செட்டியைவிட மேலான படைப்பு.

வீட்டுக் கணினிக்கு இன்னும் இடம் இருக்கிறதா? 2020 வசந்தத்தில், கொரோனா தொடக்கத்தில், ஃபோல்டிங் அட் ஹோம் எக்ஸாஃப்ளாப் எல்லையைத் தாண்டியது. அந்த நேரத்தில் எந்தச் சூப்பர்கம்ப்யூட்டரும் அதை எட்டியிருக்கவில்லை. மறுபக்கம், 1996-இலிருந்து மெர்சென் பகா எண்களைத் தேடும் கிம்ப்ஸ் திட்டத்தில் பரிசெண்கள் எல்லாம் சாதாரணக் கணினிகளில்தான் அகப்பட்டன. 2024 அக்டோபரில், 4 கோடிக்கும் மேல் இலக்கங்கள் கொண்ட எண்ணை லூக் டுரான்ட் பிடித்தது பல நாடுகளில் வாடகைக்கு எடுத்த கிளவுட் ஜிபியுக்களை வைத்து. திட்டம் அதேதான், ஆனால் தன்னார்வலர் என்பவர் யார் என்பது மாறிவிட்டது. இதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு.

ஆகவே நான் தேர்ந்தெடுப்பேன் என்றால் ஐன்ஸ்டைனைத்தான். அங்கே முடிவைத் தேடி வாசிக்கவும் ஆட்கள் இருக்கிறார்கள். 2010-இல் அதே அரெசிபோ தரவிலிருந்து, விநாடிக்கு 41 முறை சுழலும் ஒரு பல்சர் சிக்கியது. அமெரிக்காவின் அயோவாவில் ஒரு தம்பதியின் கணினியும், ஜெர்மனியின் மைன்ஸ் நகரத்தில் ஒருவரின் கணினியும் அதைக் கண்டன. இரண்டு இடத்துக்கும் போனது ஒரே துண்டு. ஒருவர் விடையை மற்றவர் விடையோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்ற அந்த விதியால்தான் கண்டுபிடித்தவர் பட்டியலில் மூன்று பேரின் பெயரும் ஏறியது.