விளக்கைப் பார்க்காதே, கீயைத் தட்டிப் பார்

திண்டுக்கல்காரர்களுக்குப் பூட்டைக் காதால் எடைபோடத் தெரியும். சாவி திரும்பும்போது உள்ளே லீவர்கள் எழும்பி விழுவதை விரலும் செவியும் சேர்ந்தே கவனிக்கும். 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு ஆயிற்றே. அந்த விரலையும் காதையும் கேமிங் கீபோர்டு வாங்கப் போகும்போதும் கூட்டிக்கொண்டு போகலாம்.

கடையில் முதலில் கண்ணைப் பறிப்பது வண்ண விளக்கு. ஆயிரம் ரூபாய்க்கும் குறைவான கீபோர்டிலும் அது ஜகஜ்ஜோதியாக எரியும். அடியில் இருப்பது பெரும்பாலும் மெம்பிரேன் என்கிற ரப்பர் விரிப்பு. அமுக்கினால் தொளதொளவென்று இறங்கும். மெக்கானிக்கல் கீபோர்டில் ஒவ்வொரு கீக்கும் தனி ஸ்விட்ச், தனி ஸ்பிரிங். ஜெர்மனியின் செர்ரி நிறுவனம் 1980-களில் கொண்டுவந்த எம்எக்ஸ் ஸ்விட்ச்தான் இதற்கு மூலம். அதன் காப்புரிமை முடிந்த பிறகு கெய்ல், கேட்டரான், ஔடெமு போன்ற சீன நிறுவனங்கள் அதே அமைப்பில் செய்யத் தொடங்கின. இன்று 3,000 ரூபாய்க்குள் நல்ல மெக்கானிக்கல் கிடைப்பது அதனால்தான்.

ஸ்விட்சுக்கு நிறம்தான் அடையாளம். சிவப்பு தடையில்லாமல் வழுக்கிக்கொண்டு இறங்கும். மொத்தம் 4 மில்லிமீட்டர் ஆழத்தில் பாதி இறங்கியதுமே கணினிக்குச் செய்தி போய்விடும். பழுப்பில் நடுவழியில் சின்ன மேடு ஒன்று விரலில் தட்டும். நீலம் 'டிக்'கென்று சொடுக்கும். கேட்க எனக்கும் ஆசைதான். ஆனால் சுவரோடு சுவர் ஒட்டிய நம் தெருக்களில், நடுராத்திரி ஆட்டத்துக்கு நீலம் ஆகாது. விளையாட்டுக்குச் சிவப்பு, கூடவே நிறைய எழுதுகிறவருக்குப் பழுப்பு.

மலிவு கீபோர்டின் குட்டு உடைவது ஸ்பேஸ்பாரில். அதன் இரு முனைகளையும் மாற்றி மாற்றித் தட்டுங்கள். கடகடவென்று ஆடினால் உள்ளே இருக்கும் ஸ்டெபிலைசர் கம்பி சரியில்லை. அடுத்து, நோட்பேடைத் திறந்து ஷிஃப்ட், டபிள்யூ, ஏ, ஸ்பேஸ் நான்கையும் ஒன்றாக அமுக்குங்கள். ஏதாவது ஒன்று விழாமல் போனால், ஓடிக்கொண்டே தாவ வேண்டிய நேரத்தில் உங்கள் வீரன் நின்றுவிடுவான்.

ஆட்டத்தில் ஓயாமல் உழைக்கும் டபிள்யூ, ஏ, எஸ், டி நான்கும் தமிழ்99 தட்டச்சு அமைப்பில் ஈ, அ, இ, உ. அதாவது, விளையாடும் இடது கை உயிரெழுத்துகளின் மேலேயே கிடக்கிறது! எங்கள் ஊர் வெயிலில் வேர்த்த விரல் பட்டு முதலில் பளபளத்துப்போவதும் இவைதான். ஏபிஎஸ் பிளாஸ்டிக் மூடி சீக்கிரம் வழவழப்பாகிவிடும். பிபிடி மூடியின் சொரசொரப்பு நெடுநாள் நிற்கும்.

என் கணக்கு இது: 87 கீ போதும், எண் பலகைக்குத் தனியாகக் காசு தர வேண்டாம். ஸ்விட்சைக் கழற்றி மாற்றும் 'ஹாட்-ஸ்வாப்' வசதி கட்டாயம் வேண்டும். தூசி புகுந்து ஒரு கீ செத்தால் அந்த ஸ்விட்சை மட்டும் மாற்றினால் போதும். பெட்டியைப் பிரித்துத் தட்டிப் பார்க்க விடாத கடையில் மட்டும் வாங்காதீர்கள்.