இடர்நிலைப் படிகள்: ஓர் ஒப்பாய்வு

மேசையைச் சூழ்ந்தமர்ந்து, கதைமாந்தராய் வேடம் ஏற்றுப் பகடை உருட்டி ஆடும் ஆட்டத்திற்கு அச்சேறிய விதிநூல்களுள் முன்னோடியாய் நிற்பது 1974இல் அமெரிக்காவில் வெளிவந்த 'டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்' ஆகும். அச்சம், சோர்வு முதலிய இடர்நிலைகளை இவ்வகை நூல்கள் படிப்படியாக வகுக்கும் முறையை ஈண்டு ஆராய்வாம்.

அந்நூலின் 2014ஆம் ஆண்டுப் பதிப்பு சோர்வினை ஆறு படிகளாக வகுக்கின்றது. முதற்படியில், திறன் சோதனைக்கு இருமுறை பகடை உருட்டிக் குறைந்த எண்ணையே கொள்ளல் வேண்டும். இரண்டாம் படியில் வேகம் பாதியாகும். மூன்றாவதில் முதற்படியின் குறை தாக்குதலுக்கும் தற்காப்புச் சோதனைக்கும் பரவும். நான்காவதில் உயிர்ப்புள்ளிகளின் மேலெல்லை பாதியாகும், ஐந்தாவதில் வேகம் முற்றும் அறும், ஆறாவது சாவு. துன்பம் அளவால் மட்டுமன்றி வகையாலும் வேறுபடுதலின், சோர்வின் வளர்ச்சி ஆடுவோர் உள்ளத்திற் பதிகின்றது. ஆயினும், பூட்டுத் திறப்போன் முதற்படியிலேயே இடர்ப்பட, வாள்வீரனின் தாக்குதலோ மூன்றாம் படிவரை ஊறுபடுவதில்லை. ஒரே படி இருவர்க்கு இருவேறு சுமையாதல் குறையேயாம்.

2024ஆம் ஆண்டுத் திருத்தம் இதனை எளிதாக்கிற்று. படி ஒன்றுக்கு, இருபது முகப் பகடைச் சோதனையில் 2உம் வேகத்தில் 5 அடியும் குறையும். ஆறாம் படி சாவு என்பது மாறவில்லை. நினைவிற் கொள்ளுதல் எளிது. எனினும் முதற்படிக்கும் ஐந்தாம் படிக்கும் அளவன்றி வகை வேறுபாடில்லை. மேலும், பகைவன் உருட்டும் தற்காப்புச் சோதனையைச் சார்ந்த மந்திரத்தை ஏவுவோன், அம்மந்திரத்தின் வலி குன்றாமையின், பெரிதும் தப்புகின்றான்.

'பாத்ஃபைண்டர்' நூலின் 2019ஆம் ஆண்டு இரண்டாம் பதிப்பு, அச்சத்திற்கு எண் அளித்து, தான் உருட்டும் சோதனைகளோடு, தன்னை எதிர்ப்போர் எட்டவேண்டிய இலக்கெண்ணையும் அதே அளவு குறைக்கின்றது. ஆதலின் மந்திரவாதியும் தப்புதற்கில்லை. அச்சமுற்றோன் முறை முடியுந்தோறும் அவ்வெண் பொதுவாக ஒன்று குறையும். ஏறும் வழியோடு இறங்கும் வழியும் விதியுள் அடங்கிற்று.

இவற்றால் பெறப்படுவது யாது? முறைதோறும் மாறும் அச்சத்திற்கு எண்படியே தக்கது. அங்கே பட்டியல் தேடப் பொழுதில்லை. நெடுந்துயில் ஒன்றுக்கு ஒரு படியே தணியும் சோர்வோ நாட்கணக்கில் நீடிப்பது. அதற்கு வகைப்படியே கதைக்குப் பொருள் தரும். ஆகவே, 2014ஆம் ஆண்டுப் பட்டியல் வேண்டியது நீக்கமன்று. சுமை அனைவர்க்கும் ஒப்ப அமையுமாறு வரிசையைத் திருத்துதலே. எளிமை ஒன்றனையே நோக்கி அதனைக் கைவிட்டமை இழப்பென்பதே எம் துணிபு.