வெலிங்டனும் குன்னூர் மார்க்கெட்டும்: ஒரு நாள் பயணத்தின் கணக்கு

ஊட்டிக்கு வருகிறவர்களில் சிலர் தாவரவியல் பூங்கா, படகு இல்லக் கூட்டத்தைத் தவிர்த்து, தனியாக வெலிங்டன் பக்கம் இறங்குகிறார்கள். காலையில் மெட்ராஸ் ரெஜிமெண்டின் போர் நினைவுச்சின்னமும் அருங்காட்சியகமும். மதியம் சில கிலோமீட்டர் தள்ளி குன்னூர் மார்க்கெட். நானும் அப்படிப் போனவன்தான். இந்தப் பயணமுறையில் எது தேறுகிறது, எது தேறவில்லை என்று சொல்லிப் பார்க்க வேண்டும்.

முதலில் தேறுவது. மெட்ராஸ் ரெஜிமெண்ட் 1758இல் தொடங்கியது. இந்திய ராணுவத்தின் மிகப் பழைய காலாட்படைப் பிரிவு அது. ஆனால் அதன் வரலாறு அறுபடாமல் வந்த பெருமை அல்ல. வீரம் சில வட்டாரங்களுக்கும் சில குடிகளுக்கும் மட்டுமே உரியது என்ற கொள்கை பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலேயத் தளபதிகளிடம் வேரூன்றியது. 1881 முதல் 1885 வரை மெட்ராஸ் ராணுவத்தின் தலைமைத் தளபதியாக இருந்த ராபர்ட்ஸே தென்னாட்டுச் சிப்பாய்களைக் குறைத்து மதிப்பிட்டவர். பட்டாளங்கள் ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டு, 1920களின் இறுதிக்குள் மெட்ராஸ் காலாட்படையே இல்லாமல் போயிற்று. இரண்டாம் உலகப் போர் நெருக்கியபோதுதான் மறுபடி ஆள் எடுத்தார்கள். இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் அங்குள்ள ஒவ்வொரு சீருடையும் தகுதி மறுக்கப்பட்டவர்களின் பதிலாகப் படுகிறது. அந்தப் பெருமிதத்தில் எனக்குக் குறை காண ஒன்றுமில்லை.

குறை வேறிடத்தில் இருக்கிறது. படைப்பிரிவின் அருங்காட்சியகம் முதலில் புதிதாகச் சேரும் வீரனுக்காகவே அமைக்கப்படுகிறது. அவனுக்குத் தயக்கம் தேவையில்லை, மரபு தேவை. பொதுமக்களுக்கோ மரபோடு கேள்வியும் வேண்டும். ரெஜிமெண்டின் சின்னத்தில் இருக்கும் யானை, 1803 செப்டம்பரில் நடந்த அசாயே போரின் நினைவு. கிழக்கிந்தியக் கம்பெனிக்காக, பின்னாளில் வெலிங்டன் பிரபு ஆன ஆர்தர் வெல்லெஸ்லியின் தலைமையில், மெட்ராஸ் சிப்பாய்கள் மராத்தியரை வென்ற போர் அது. மூன்றே ஆண்டுகள் கழித்து, 1806 ஜூலை 10 அன்று, அதே மெட்ராஸ் ராணுவத்துச் சிப்பாய்கள் வேலூர்க் கோட்டையில் கம்பெனிக்கு எதிராக எழுந்து நூற்றுக்கணக்கில் மாண்டார்கள். இரண்டும் ஒரே படையின் வரலாறு. சின்னத்தில் ஏறியது அசாயே மட்டும். ஊருக்கும் அந்தப் பிரபுவின் பெயர்தான். பாசறை வரும் முன் இந்த இடம் ஜெகதளா என்ற படகர் ஊரின் பெயரால் அறியப்பட்டிருந்தது.

அருங்காட்சியகத்தின் பதக்கங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். பிரிட்டிஷ் காலப் பதக்கங்களில் வீரனின் எண்ணும் பெயரும் விளிம்பில்தான் பொறிக்கப்பட்டிருக்கும். கண்ணாடிக்குப் பின்னால் துணியில் படுக்க வைத்தால் அரசரின் முகம் தெரியும், விளிம்பு தெரியாது. தனியாகப் போனதால்தான் குனிந்தும் சாய்ந்தும் அந்த எழுத்தைத் தேடும் அவகாசம் கிடைத்தது. உடன் வருகிறவர் அவசரப்படுத்தியிருந்தால் நானும் அரசர் முகத்தோடு நகர்ந்திருப்பேன். ஒரு சிறு கண்ணாடியைச் சாய்த்து வைத்தாலே பெயரைப் படிக்கலாம். செலவு அதிகமில்லை.

மார்க்கெட்டில் இதே தனிமை உதவவில்லை. குன்னூர் மார்க்கெட்டின் குறுகிய சந்துகளில் கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ், பூண்டு, வர்க்கி என்று பார்த்துக்கொண்டே நடக்கலாம். கண்ணுக்கு நிறைவாக இருக்கும், ஒன்றும் புரியாது. இந்தக் காய்களில் பெரும்பாலானவை இந்த மண்ணின் பழம்பயிர்கள் அல்ல. கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் காலத்தில் உருளைக்கிழங்கு முதலானவை மலையேறின. நோயுற்ற வெள்ளைச் சிப்பாய்கள் உடல் தேற வந்த மலையில் அவற்றை வாங்குவதற்கு ஆள் இருந்தது. ஆக, பாசறையைப் பார்த்துவிட்டுச் சந்தைக்கு வருகிறவர் ஒரே கதையின் அடுத்த பக்கத்துக்கு வருகிறார். அதை எந்தப் பலகையும் சொல்வதில்லை, கேட்டால்தான் வரும்.

அரைக் கிலோ அவரைக்காய் வாங்கும்போது கடைக்கார அம்மாவிடம், “உங்களுக்கு எந்த ஊரும்மா?” என்றேன். “இந்த ஊருதான் தம்பி. அப்பா அம்மா கண்டிப் பக்கம். கப்பல்ல வந்து மண்டபம் கேம்ப்ல இருந்துட்டு, அப்புறம் இங்க டேன்டீயில வேலை” என்றபடி தராசைப் பார்த்தார். 1964 அக்டோபரில் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் செய்த ஒப்பந்தம், இலங்கை மலையகத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும் என்றது. அவர்களைக் குடியமர்த்தவே நீலகிரியில் டேன்டீ எனப்படும் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் உருவாயின. இலங்கையில் தமிழருக்கு எதிரான 1977, 1983 கலவரங்களின் அச்சம் இன்னும் பலரைக் கப்பலேற்றியது. 1987இல் இந்திய அமைதிப்படை அதே தீவுக்குப் போனது. 1990இல் திரும்புவதற்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் இறந்திருந்தார்கள். அங்கிருந்து துரத்தப்பட்டவர்களின் குடும்பங்களும் அங்கே பட்டாளங்களை அனுப்பிய மெட்ராஸ் ரெஜிமெண்டும் இன்று ஒரே மலையில், நடந்து போகும் தூரத்தில் இருக்கின்றன. போரைப் பற்றி இதைவிடப் பேச வேண்டிய விஷயம் குன்னூரில் இல்லை என்பேன்.

எனவே இந்த ஒருநாள் பயணம் நல்லதுதான், வரிசையும் சரிதான். ஆனால் சந்தையைப் படமெடுக்கும் இடமாக மட்டும் வைத்துக்கொண்டால் பாதி நாள் வீண். வாங்க வேண்டும், உட்கார்ந்து ஒரு டீயில் வர்க்கியைத் தோய்த்துச் சாப்பிட வேண்டும், அங்கிருப்பவர்களைப் பேச விட வேண்டும். ராணுவத்தின் பக்கமும் ஒரு வேலை இருக்கிறது: வேலூருக்கு அசாயே அளவுக்கு ஒரு சுவர், இலங்கையில் இறந்தவர்களின் பெயர்களோடு அந்தப் போர் ஏன் நடந்தது என்று தமிழில் ஒரு பலகை, பக்கத்தில் மண்டபம் முகாம் வழியாக வந்த குடும்பங்களின் கதை. ஜெகதளாவிலிருந்தும் டேன்டீ குடியிருப்புகளிலிருந்தும் பள்ளிப் பிள்ளைகளை அழைத்துவந்து அதைக் காட்ட வேண்டும்.