தாலித் தட்டு யார் கையில்?

அகநானூற்றின் 86ஆம் பாட்டை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் பெருமிதம் வந்துவிடும். நல்லாவூர் கிழார் பாடியது. உளுந்து சேர்த்துக் குழைய வெந்த சோறு, புதுமணல் பரப்பிய பந்தல், விளக்கு, மாலை, உரோகிணி கூடிய விடியல். புரோகிதர் இல்லை, வேள்வித்தீ இல்லை, தாலியும் இல்லை. முதிய பெண்கள் குடங்களைச் சுமந்து வருகிறார்கள். நான்கு பெண்கள் பூவும் நெல்லும் கலந்த நீரைச் சொரிந்து மணமகளை வாழ்த்துகிறார்கள். பெண்களே நடத்திவைத்த கல்யாணம் என்று பல ஆண்டுகளாகச் சொல்லிவந்தேன்.

திருச்சியில் நான் பாடம் நடத்தும் கல்லூரியில், லால்குடிப் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து வரும் மாணவி ஒருத்தி எழுந்து கேட்டாள்: "அம்மா, அந்த நாலு பேரும் மகனைப் பெத்தவங்கன்னு பாட்டுலயே இருக்கே. எங்கம்மாவுக்குப் புருஷனும் இல்லை, மகனும் இல்லை. அவங்க அந்தப் பந்தல்ல எங்க நிப்பாங்க?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. என் அம்மா எங்கே நின்றார் என்பதுதான் நினைவுக்கு வந்தது. உறையூரில் ஒரு மண்டபத்தில் எனக்குக் கல்யாணம். அப்பா இறந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. தாலியும் அட்சதையும் வைத்த தட்டு சபை முழுக்கச் சுற்றி வந்தது. எனக்குப் பெயர்கூடத் தெரியாத ஒன்றுவிட்ட உறவுகள் எல்லாம் தொட்டுக் கும்பிட்டார்கள். பந்தி நடக்கும் கூடத்தின் கதவோரம் நின்றிருந்த அம்மாவிடம் அந்தத் தட்டு போகவில்லை. மணையில் உட்கார்ந்திருந்த நான் அதைப் பார்த்தேன். அப்போதே ஒரு கவிதைத் தொகுப்பு வெளியிட்டிருந்தவள். ஆனால் வாய் திறக்கவில்லை.

மாணவியின் கேள்விக்குப் பிறகு அந்தப் பாட்டை மறுபடி படித்தேன். அது தலைவன் தோழியிடம் சொல்வது. கல்யாணம் முடிந்த இரவில் அவன் அவளிடம், உன் மனதில் இருப்பதை ஒளிக்காமல் சொல் என்று கேட்கிறான். அவள் மகிழ்ந்து முகம் தாழ்த்துகிறாள். எல்லாம் முடிந்த பிறகுதான் அவளைக் கேட்கிறார்கள். அவளுடைய விடையும் மௌனம்தான். சிலப்பதிகாரத்தில் அதுவும் கிடையாது. கோவலனுக்கு வயது 16, கண்ணகிக்கு 12. முதிய பார்ப்பனர் வழிகாட்ட இருவரும் தீவலம் வருகிறார்கள், பெண்கள் வாழ்த்துகிறார்கள். கண்ணகியின் குரல் மங்கல வாழ்த்துப் பாடலில் ஓரிடத்திலும் இல்லை. தமிழ்முறைத் திருமணம் என்று இன்று நாம் மீட்டெடுப்பவற்றில் சமஸ்கிருத மந்திரம் போய்த் திருக்குறள் வந்திருக்கிறது. நல்லதுதான். ஆனால் பந்தல் வாசலில் சிலரை நிறுத்திவைக்கும் கம்பு பழைய பாட்டிலேயே இருந்தது என்பதையும் சொல்லவேண்டும்.

கல்யாணத்தை மணமகளே சொல்லும் ஒரு பிரதி நம்மிடம் உண்டு. ஆண்டாளின் நாச்சியார் திருமொழியில் ஆறாம் பத்தான வாரணமாயிரம். கனவில் நடந்த தன் கல்யாணத்தை ஒரு பெண் தன் தோழிக்குச் சொல்கிறாள். பெண் கேட்டு இந்திரனும் தேவர்களும் வருகிறார்கள். கூறைப்புடவை, காப்புக் கட்டு, கைப்பிடி, தீவலம், அம்மி மிதித்தல், பொரியிடுதல் என்று வரிசையாக வருகின்றன. இரண்டு சடங்குகள் மட்டும் அதில் இல்லை. தாலி கட்டுவது இல்லை. தகப்பன் தாரை வார்த்துக் கொடுப்பதும் இல்லை. அண்ணன்மார் வருகிறார்கள், ஆனால் யாரும் அவளைத் தானமாகக் கொடுப்பதில்லை. தன் கல்யாணத்தைத் தானே கனவு கண்டவள் எவற்றை விட்டுவிட்டாள் என்பதைக் கவனிக்க வேண்டாமா?

ஸ்ரீரங்கத்து ஐயங்கார் வீட்டுக் கல்யாணங்களில் இந்தப் பாட்டை இன்றும் சேவிக்கிறார்கள். நான் போன கல்யாணங்களில் சேவித்த குரல்கள் எல்லாம் ஆண்குரல்கள். "நான் கனவு கண்டேன்" என்று ஒரு பெண் சொன்னதை ஆண்கள் கூடிச் சொல்ல, மணமகள் தேங்காய் உருட்டிக்கொண்டிருப்பாள்.

கோயிலிலும் இதே கதைதான். பங்குனியில் நம்பெருமாள் உறையூருக்குப் போய்க் கமலவல்லி நாச்சியாரோடு சேர்த்தி காண்கிறார். திரும்பி வரும்போது ரங்கநாயகித் தாயார் கதவடைக்கிறார். பூவாலும் வெண்ணெயாலும் அடி விழுகிறது. எனக்கு மிகவும் பிடித்த காட்சி இது. ஆனால் தாயாரின் கோபத்தை எடுத்துச் சொல்வதும் ஆண்களின் வாய்தான். அந்தத் தாயாருக்கு ஊர் வைத்திருக்கும் பெயர் படிதாண்டாப் பத்தினி. தில்லியிலிருந்து பெருமாளைத் தேடிவந்த சுல்தான் மகளாகச் சொல்லப்படும் துலுக்க நாச்சியாருக்குக் கோயிலில் சன்னதி உண்டு. சிலை இல்லை, சுவரில் ஓவியம் மட்டும். படி தாண்டி வந்தவளைச் சுவரில் வைத்திருக்கிறோம்.

மற்ற மதங்களில் நிலைமை வேறா? சட்டப்படி பார்த்தால் வேறுதான். நிக்காஹ் ஓர் ஒப்பந்தம். பெண்ணின் சம்மதம் இல்லாமல் அது செல்லாது. நத்தர்வலி தர்காவுக்குப் பக்கத்தில் என் தோழி வீட்டு நிக்காஹில், வக்கீலும் இரண்டு சாட்சிகளும் பெண்கள் இருந்த அறை வாசலுக்கு வந்து மஹர் தொகையைச் சொல்லி, சம்மதமா என்று கேட்டார்கள். எனக்குப் பொறாமையாக இருந்தது. என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. மணமகள் தலையசைத்தாள், பதிவேட்டில் கையெழுத்திட்டாள். "தலையசைக்காம இருந்தாலும் சம்மதம்னுதான் எடுத்துக்குவாங்க" என்று தோழி காதருகில் சொன்னாள். மஹர் ஏட்டில் ஏறுகிறது. பெண் வீட்டிலிருந்து போகும் கைக்கூலி எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை. பிறகு மாமியார் கருகமணி கட்டினார். திருச்சி மாவட்டத் துவரங்குறிச்சியிலிருந்து எழுதவந்த சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' நாவலில், கணவனைப் பிடிக்கவில்லை என்று சொல்லித் தாய்வீடு திரும்புகிறாள் பிர்தவ்ஸ். கேட்கவேண்டிய நேரத்தில் கேட்காத கேள்விக்கு அவள் தாமதமாகச் சொன்ன பதில் அது. அதற்கு அவள் கொடுத்த விலையை நாவலைப் படித்தவர்கள் அறிவார்கள்.

மேலப்புதூர் மரியன்னை பேராலயத்தில் மணமகள் வாய்விட்டுச் சொல்லியே ஆகவேண்டும். அதற்கு முன்பு மூன்று ஞாயிறு ஓலை வாசித்து, தடை உண்டா என்று ஊரையே கேட்கிறார்கள். ஆனால் வாக்குறுதி முடிந்ததும் இங்கும் ஒரு தாலி வருகிறது, சிலுவை பொறித்த தாலி. 1704இல் புதுச்சேரியில் பாப்பரசரின் தூதர் தூர்னோன், பிள்ளையார் உருவம் பொறித்த தாலிக்கும் 108 இழைக் கயிற்றுக்கும் தடை விதித்தார். அதையொட்டிய சண்டை பல பத்தாண்டுகள் நீண்டது. தாலியில் எந்த உருவம் இருக்கவேண்டும் என்பதுதான் விவாதம். கட்டிக்கொள்ள விருப்பமா என்று கழுத்துக்கு உரியவளைக் கேட்டதாகத் தெரியவில்லை.

பஞ்சாபில் சீக்கியர்கள் ஆனந்த் காரஜ் சடங்கில் நெருப்புக்குப் பதிலாகக் குரு கிரந்த் சாகிப்பை நான்கு முறை வலம் வருகிறார்கள். நெருப்பின் இடத்தில் ஒரு நூலை வைத்தது பெரிய மாற்றம். ஆனாலும் மணமகன் முன்னே நடக்க, அவன் தோளிலிருந்து வரும் துணியின் முனையைப் பிடித்தபடி மணமகள் பின்னே நடக்கிறாள். தலைவணங்குவதுதான் சம்மதம். நல்லாவூர் கிழாரின் தலைவியும் அதைத்தான் செய்தாள்.

பேச்சை மையத்தில் வைத்தது சுயமரியாதைத் திருமணம். 1928இல் சுக்கிலநத்தத்தில் பெரியார் தொடங்கிவைத்தார். இப்படி நடந்த கல்யாணம் செல்லாது என்று 1953இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அண்ணாவின் அரசு கொண்டுவந்த 7ஏ பிரிவு 1968இல் நடைமுறைக்கு வந்து, ஏற்கெனவே நடந்த திருமணங்களுக்கும் சேர்த்துச் சட்டத் தகுதி தந்தது. இருவருக்கும் புரிந்த மொழியில் ஒருவரையொருவர் ஏற்பதாக அறிவிக்கலாம் என்கிறது சட்டம். அல்லது மாலையோ மோதிரமோ மாற்றலாம். அல்லது தாலி கட்டலாம். இந்த "அல்லது" பலருக்கு வசதி செய்து கொடுத்திருக்கிறது என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் அதன் வழியாகப் பெண்ணின் பேச்சு மீண்டும் விருப்பப்பாடமாகிவிட்டது. தலைவர் முக்கால் மணி நேரம் பெண்விடுதலை பேசி, தாலியை எடுத்துக் கொடுக்க, மணமகள் குனிந்து வாங்கிக்கொண்ட மேடைகளில் நானும் வாழ்த்துரை சொல்லியிருக்கிறேன்.

ஆகவே எந்த மதத்துச் சடங்கு பெண்ணுக்கு நல்லது என்று என்னிடம் கேட்காதீர்கள். ஒரு கல்யாணத்துக்குப் போனால் இரண்டை மட்டும் பாருங்கள். மணமகளை யாராவது ஏதாவது கேட்கிறார்களா? அவள் இல்லை என்று சொன்னால் நாதஸ்வரம் நிற்குமா? பிறகு, அந்தத் தட்டு யாரைத் தாண்டிப் போகிறது என்று பாருங்கள். இவை இரண்டும் ஒரே கேள்விதான். கழுத்தில் தாலி இருந்தால்தான் ஒருத்தி முழுப்பெண் என்று நினைக்கிற சபை, தாலி ஏறப்போகிறவளைக் கேட்கவும் கேட்காது, தாலி இறங்கியவளைக் கூப்பிடவும் கூப்பிடாது.

தை மாதத்தில் அந்த மாணவியின் அக்காவுக்குக் கல்யாணம் நடந்தது. தேர்வு வேலை இருந்ததால் என்னால் போக முடியவில்லை. திரும்பி வந்தவள் சொன்னாள்: "எங்கம்மாதான் தாலி எடுத்துக் கொடுத்தாங்க. நான்தான் தட்டை அவங்க கையில கொடுத்தேன். ரெண்டு அத்தைங்க சாப்பிடாம எந்திரிச்சுப் போயிட்டாங்க."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். நான் மணையில் உட்கார்ந்து செய்யாததை அவள் செய்திருக்கிறாள். பிறகு கேட்டேன்: "அக்கா ஏதாச்சும் பேசினாளா?"

கொஞ்சம் யோசித்தாள். "இல்லைம்மா. அவளை நாங்க யாரும் கேக்கலையே."

அடுத்த வாரம் 86ஆம் பாட்டை அவர்களுக்கு மறுபடியும் நடத்தினேன். கடைசி அடிகளிலிருந்து தொடங்கினேன்.