‘கோட்டை’: வாயிலைக் குறிக்கும் திருவனந்தபுர வழக்கு

முன்னுரை

திருவனந்தபுரத்து வலியசாலையிலிருந்து சாலைக் கடைவீதி வழியே மேற்கு நோக்கிச் செல்வோர் கிழக்கேகோட்டையை அடைவர். அதனைக் கடந்தால் பத்மநாபசுவாமி கோயிலின் கிழக்கே நடை எதிர்ப்படும். நகரில் படிஞ்ஞாறேகோட்டையும், மதிலை வெட்டி வழி செய்தமையைப் பெயரிலேயே கொண்ட வெட்டிமுறிச்சகோட்டையும் உள்ளன. பெயர்களை மட்டும் நோக்கின் நகரில் கோட்டைகள் பல இருந்தன என்று எண்ணத் தோன்றும். உண்மையில் இருந்தது 18ஆம் நூற்றாண்டில் திருவிதாங்கூர் மன்னர் எழுப்பிய ஒரே கோட்டையாகும். மேற்கூறிய பெயர்கள் அதன் வாயில்களுக்கு உரியன.

சொல்லும் பொருளும்

வளைவு என்னும் பொருளுடைய ‘கோடு’ என்பதனோடு கோட்டம், கோட்டை ஆகிய சொற்களை இயைத்துக் காண்பது சொற்பிறப்பாய்வாளர் பலர்க்கும் உடன்பாடாகும். நிலவைச் சூழும் ஒளிவட்டத்தைக் ‘கோட்டை கட்டியிருக்கிறது’ என மக்கள் கூறுவதும் இப்பொருளுக்கு அரண் செய்கிறது. வளைத்துச் சூழ்வதைக் குறித்த சொல், அவ்வளைவு விட்டுக்கொடுக்கும் இடமாகிய வாயிலைக் குறிக்க வந்தமையே இங்கு ஆராயத்தக்கது.

பண்டை இலக்கியம் இவ்விரண்டையும் வேறுபடுத்தியே வழங்கிற்று. மதிலுக்கு எயில், புரிசை, இஞ்சி ஆகிய சொற்களும், நுழைவழிக்கு வாயில், புதவு ஆகிய சொற்களும் உரியனவாயின. நெடுநல்வாடை அரண்மனை வாயிலைக் குன்றைக் குடைந்தாற்போன்றது எனக் காட்டுமிடத்தும் அதனை வாயில் என்றே சுட்டுகிறது.

இருவேறு குறுக்கம்

‘கோட்டைவாசல்’ என்னும் தொகைச்சொல் ஊர்வழக்கில் இருவகையாகக் குறுகியுள்ளது. மதுரையில் கீழவாசல், தெற்குவாசல் எனவும், தஞ்சையில் கீழவாசல், மேலவாசல் எனவும் பின்னுறுப்பு நின்றது. திருவனந்தபுரத்தில் முன்னுறுப்பு நின்றது. மதுரைக் கோட்டை 1840களில் இடிக்கப்பட்டமையால் அங்குக் ‘கோட்டை’ என்னும் சொல் மறைந்தது என்று காரணம் கூறுவது பொருந்தாது. மதிலின் பகுதிகளும் அகழியும் எஞ்சியுள்ள தஞ்சையிலும் ‘வாசல்’ என்பதே வழங்குகிறது.

திருவனந்தபுர வழக்கை முதலாகுபெயராகக் கொள்வதே பொருத்தமுடையது. தாமரை என்னும் முதற்பெயர் பூவாகிய சினைக்கு ஆகிவருதல் போல, கோட்டை என்னும் முதற்பெயர் வாயிலாகிய சினைக்கு ஆகிவந்துள்ளது. புறத்தேயிருந்து வருவோர்க்குக் கோட்டை தன்னைக் காட்டும் இடம் வாயிலே என்பது இம்மாற்றத்திற்கு இடமளித்திருக்கலாம். ஆயின் மதிலுக்கு உட்பட்ட பகுதி இன்றும் ‘கோட்டைக்ககம்’ எனப்படுகிறது. அப்பெயரில் மூலப்பொருள் சிதையவில்லை. ஒரே நகரில், ஒரே சொல், முதலுக்கும் சினைக்குமாக நிற்கிறது.

இன்றைய வழக்கு

பேருந்தில் ‘கிழக்கேகோட்டை’ என்று பயணச்சீட்டுக் கேட்பவர் வாயிலைக் கருதுவதில்லை; பேருந்து நிலையமும் கடைகளும் சூழ்ந்த பகுதியையே கருதுகிறார். அரணின் பெயர் வாயிலுக்கும், வாயிலின் பெயர் அதனைச் சூழ்ந்த இடத்திற்கும் ஆகியமையால் இஃது இருமடியாகுபெயராகிறது. சென்னையில் ‘கோட்டை’ என்பது அரசையும் தலைமைச் செயலகத்தையும் குறித்தல் இதற்கு வேறான வளர்ச்சி. அங்குச் சொல் இடத்திலிருந்து அதிகாரத்திற்குச் சென்றது. இங்கு அரணிலிருந்து வழிக்கு வந்தது.

இவ்வேறுபாட்டை ‘ஈஸ்ட் ஃபோர்ட்’ என்னும் ஆங்கில ஆக்கம் மறைத்துவிட்டது. அதனை மீண்டும் ‘கிழக்குக் கோட்டை’ எனத் தமிழாக்குவோர் இல்லாத ஒரு கோட்டையைப் படைத்துவிடுகின்றனர். பயணநூல், வரலாற்று நூல் ஆகியவற்றின் மொழிபெயர்ப்பில் இப்பிழை சிறிதன்று.

முடிவுரை

தமிழும் மலையாளமும் ஒருங்கு வழங்கும் வலியசாலை போன்ற இடங்களின் சொற்களை அண்டை மொழியின் வழக்கு என ஒதுக்குவது தமிழ்ச் சொல்வரலாற்றுக்கு இழப்பாகும். ‘கோட்டை’ என்னும் பதிவின்கீழ் ‘கோட்டைவாயில் (திருவனந்தபுர வழக்கு)’ என்னும் பொருளும் வட்டாரக் குறிப்புடன் இடம்பெறுதல் வேண்டும். மதில் மறைந்தாலும் வாயிலின் பெயர் நிற்கும் என்பதை மதுரையும், வாயில் நின்றாலும் அதன் பெயர் மாறும் என்பதைத் திருவனந்தபுரமும் உணர்த்துகின்றன.