பல்லும் சொல்லும்

பல் போனால் சொல் போச்சு என்பது நம் மக்களின் பழமொழி. நம் கவிதை மரபோ பல்லை வேறொரு கண்கொண்டு நோக்கிற்று. முத்தென்றது, முல்லை அரும்பென்றது. தலைவியின் முறுவலைப் பாடிச் சலியாத புலமை, அந்தப் பல்லே உணவை அரைப்பது, பேச்சைத் திருத்துவது என்பதை அரிதாகவே எண்ணிற்று. பல் விழுந்தவருக்கு நம் மேடையும் கதையும் ஒதுக்கிய இடமோ நகைச்சுவையின் இடம். பொக்கை வாய்க் கிழவி வந்தால் இன்றும் அவை சிரிக்கிறது. இச்சிரிப்பு யாரைப் பார்த்து எழுகிறது என்று நாம் கேட்க வேண்டாமா?

இவ்விடயத்தில் இலக்கண ஆசிரியரே மக்களுக்கு நெருங்கி நிற்கிறார். எழுத்தொலி பிறத்தற்குரிய எட்டிடங்களுள் பல்லையும் ஒன்றாக வைத்தார் தொல்காப்பியர். மேற்பல்லின் அடியை நா பொருந்தத் தகரமும் நகரமும், பல்லும் இதழும் இயைய வகரமும் பிறக்குமென வகுத்தார். முன்பற்களை இழந்த தொழிலாளிக்குத் 'தேயிலை'யும் குழறும், 'வேலை'யும் குழறும். குறைந்த பெயருக்காகக் கணக்கப்பிள்ளையிடம் வாதாட வேண்டியவளுக்கு இது வெறும் அழகுக் குறையன்று.

விஞ்ஞானம் இக்குறைக்கு விடை கண்டிருக்கிறது. சுவீடன் நாட்டு ஆய்வாளர் பிரானெமார்க், 1952இல் முயலின் எலும்பிற் பொருத்திய டைட்டேனியக் கருவி எலும்போடு ஒன்றிவிட்டதைக் கண்டார். 1965இல் கோதென்பர்க் நகரில் முதன்முதலாக ஒரு நோயாளியின் தாடையில் அவ்வுலோக வேர்களை ஊன்றினார். வேரை எலும்பு பற்றிக்கொள்ளச் சில மாதங்கள் செல்லும். பின்னரே அதன்மேல் செயற்கைப் பல் அமையும். கழற்றி மாட்டும் பற்தொகுதி ஈறின்மேல் அமர்வது. பல்லிழந்த தாடையெலும்பு நாளடைவில் தேயத் தேய அது தளரும். ஊன்றிய பல் எலும்பிலேயே நிலைகொள்வது. மனித அறிவின் இவ்வெற்றியை நாம் மனமார வரவேற்கிறோம்.

ஆனால் அது யாருடைய வாய்க்குள் செல்கிறது? விளம்பரங்கள் அதை 'அழகுப் புன்னகை' என்று விற்கின்றன. பழைய முத்துவமை இப்போது விலைச்சீட்டோடு வந்திருக்கிறது. தனியார் சிகிச்சை நிலையங்களில் ஒரு பல்லுக்கு ஓரிலட்சம் ரூபாவுக்கு மேலும் கேட்கின்றனர். தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2024இல் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டம் அதை 1,750 ரூபாவாக உயர்த்த முன்மொழிந்தது. இவ்வுயர்ந்த தொகையைக் கொண்டு கணித்தாலும், ஒரு பல்லின் விலை 57 நாள் உழைப்பு. அந்நாட்களில் அவள் உண்ணாமலும் இருக்க வேண்டும்!

பசறை மலைகளில் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை என்பவை மழைக்கும் குளிருக்கும் பசிக்கும் துணையாயின. அத்துணையே ஈறையும் அரிக்கிறது. வாய்ப்புற்றுநோய்க்கும் வழி திறக்கிறது. இலங்கை ஆடவரிடையே முதலிடம் வகிக்கும் புற்றுநோய் இதுவே. நோயுற்ற ஈறும், கட்டுப்படாத நீரிழிவும், புகைப்பழக்கமும் ஊன்றிய வேரையும் தளர்த்தும். எனவே டைட்டேனியத்தை மட்டும் மலையேற்றுவது போதாது. தோட்டப் பாடசாலையிற் பற்சிகிச்சையும், புகையிலையின் தீமையைப் புரியவைக்கும் கல்வியும், பல்லைப் பிடுங்குவதோடு நில்லாமற் காக்கும் வைத்தியமும் முதலில் வர வேண்டும். அதன்பின் பற்தொகுதியோ ஊன்றிய பல்லோ, பணப்பையைப் பாராமல் தேவையைப் பார்த்து அரச வைத்தியசாலையிற் கிடைக்க வேண்டும்.

1943இல் கொழும்பில் தொடங்கிய பல் வைத்தியக் கல்வி 1954இல் பேராதனைக்குப் பெயர்ந்தது. பேராதனையிலிருந்து புறப்படும் ஏ-5 நெடுஞ்சாலை பதுளையையும் பசறையையும் கடந்தே செங்கலடிக்குப் போகிறது. சாலை ஒன்றுதான். அறிவு அச்சாலை வழியே லயத்து வாசலுக்கு வந்து சேர்வதே இன்னும் எஞ்சியிருக்கும் பணி.

எழுத்தாளருக்கும் இதிற் பங்குண்டு. பதுளை மண் தந்த தெளிவத்தை ஜோசப் 1974இல் 'காலங்கள் சாவதில்லை' நாவலை வெளியிட்டார். அவர் போன்றோர் லயத்து மனிதரை இலக்கியத்தின் நடுவில் நிறுத்தினர். அவ்வழி வருவோர் பொக்கை வாயைக் கண்டு சிரிப்பதை விட்டு, அவ்வாய் சொல்ல முயல்வதைக் காதுகொடுத்துக் கேட்பார்களாக. பல் போனாலும் சொல் போகாதிருக்கச் செய்வதே மக்கள் இலக்கியத்தின் கடன்.